கணவர் பெயர்

“கணவர் பேரைச் சொல்லுங்கம்மா” என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் சென்னையிலிருந்து வந்த எழுத்தர். என் மூத்த மருமகள் சின்னாத்தாள் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம்.

மதுக்கரைக் கல்யாண மண்டபத்தில் அன்று காலை, போரில் இறந்த வீரர்களின் மனைவிமாருக்குப் பதிவு. ஏற்பாடு என் இளைய மகன், சட்டமன்ற உறுப்பினர் நஞ்சுண்டன். ‘அண்ணனை நாட்டுக்குக் கொடுத்த குடும்பம்’ என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டான். ஜெயித்தபின் மறந்துவிடவில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்ட லயன் வீடுகள் முதல் பவானி வரை, பட்டாளத்தான் குடும்பம் எங்கே இருந்தாலும் ஓய்வூதியத் தாளோடு அலைந்தான். சொந்த அண்ணியின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. ஏன் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

எழுபத்தொன்றுப் போரின்போது மூத்தவன் நாச்சிமுத்துவைப் பற்றிப் பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்தில் ‘காணவில்லை’ என்றுதான் இருந்தது. ஓடிப்போய்விட்டான் என்று ஊரில் ஒரு வாய் முணுமுணுத்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. கடிதத்தைப் பெட்டியில் பூட்டினேன். இறந்தான் என்று நானே சொல்லி, படத்துக்கு மாலை போட்டேன். சின்னாத்தாள் தாலியைக் கழற்றவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் என்னை எதிர்த்து அவள் செய்தது அது ஒன்றுதான்.

“பேரச் சொன்னா நாக்கு வெந்துபோகுமா அம்மணி? நானெல்லாம் அவரு இருக்கறப்பவே பேரச் சொல்லி வைஞ்சவ” என்றாள் பக்கத்திலிருந்த கிழவி ராசாத்தாள். பெஞ்சே சிரித்தது. எழுத்தரும் சிரித்தார். கணவன் உயிரோடு இருக்கும்வரை எங்கள் பக்கத்துப் பெண் அவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லிவிட்டால் அவன் கதை முடிந்தது.

நான் எழுந்தேன். “அவ சொல்லமாட்டாளுங்க. நான் சொல்றேன், எழுதுங்க. நாச்சி...”

சின்னாத்தாள் தலை நிமிர்ந்தாள்.

“ஏனுங்க” என்று கூப்பிட்டாள். உரக்க இல்லை. சோறு போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிடுகிற குரல்.

தன்னைத்தான் என்று நினைத்த எழுத்தர், “சொல்லுங்கம்மா” என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மண்டபத்து வாசலைப் பார்த்தாள். அங்கே வெயில் மட்டும் நின்றது.

“வாரேன்.”

பட்டாளத்துக்குப் போனபோது இருந்த அதே இருபது வயதுக் குரல். பெற்றவன் எனக்குத் தெரியாதா? ராசாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

நஞ்சுண்டன் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தான்.

“அப்பா, முழுப் பேரையும் சொல்லிப்போடுங்க. எல்லாரும் பாக்கறாங்க.” பிறகு, நான் கேட்காமலேயே, “எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க” என்றான்.

எழுத்தரின் பேனா ‘நாச்சி’ என்பதோடு நின்றிருந்தது.

சின்னாத்தாள் பெஞ்சில் சற்று நகர்ந்து, ஓர் ஆள் அளவுக்கு இடம்விட்டு, அந்தப் பலகையைக் கையால் துடைத்தாள். நிற்கவும் இடமில்லாத கூட்டம். ஆனாலும் யாரும் அங்கே வந்து உட்காரவில்லை. பலகையின் அந்த முனை மெல்லத் தாழ்ந்தது.