பல் டாக்டரிடம் இல்லாத ரம்பம்

என் மனைவி ராக்கெட் விடுகிறவள். வார நாட்களில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால், அவளைப் போலவே கிறுக்குப் பிடித்த பதினைந்து பேரோடு ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் நின்று, ஆள் உயர ராக்கெட்டை மேலே அனுப்பிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு ராக்கெட் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் ஆறு வருடமாக அவளுக்குப் பிளவு வெட்டித் தருகிறவன் நான்தான். ராக்கெட்டின் உடம்பு ஓர் அட்டைக் குழாய்; அதன் அடிப்பக்கத்தில் கத்தியால், சுற்றிலும் சம இடைவெளி விட்டு, இறக்கைகள் நுழைகிற அளவுக்கு நீளமாக வெட்ட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ராக்கெட் எங்கேயாவது வளைந்துகொண்டு போகும். படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில் என்பதால் கை கோணாது. "எங்க வீட்டுக்காரர் வெட்டினது" என்று அவள் பெருமையாகச் சொல்லும்போது, நான் காதில் விழாதவன் மாதிரி நின்று முழுவதையும் கேட்டுக்கொள்வேன்.

இந்த வருடம் ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

தங்கமான மனிதர் என்றார்கள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இஸ்திரி கலையாத சட்டை, பார்க்கிறவரிடமெல்லாம் சிரிப்பு. பல் டாக்டர் சிரிக்காமல் என்ன செய்வார், அவருக்கு அதுதானே விளம்பரப் பலகை. இந்த முறை பெரியதாக ஒன்று செய்யப்போவதாகவும், கண்ணாடி நார் சுற்றிய குழாய் வாங்கியிருப்பதாகவும் என் மனைவி சொன்னதுதான் தாமதம், மனிதர் முந்திக்கொண்டார்.

"அதுல கத்தி இறங்காதுங்க, மிஷின்தான் வேணும். என்கிட்ட சின்னதா ஒண்ணு இருக்கு, கொடுங்க, நான் வெட்டித் தரேன். வாய்க்குள்ளயே வெட்டுறவன், வெளியில வெட்ட மாட்டேனா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சொன்னதற்கு அவள் இப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் வரைபடத்தை விரித்து எனக்கு என்னென்னவோ விளக்கினாள். நான் தலையை ஆட்டினேன். கண்ணெல்லாம் டாக்டர் மேல். அவர் பிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அதிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

வீட்டுக்குப் போகும்போது கேட்டாள். "டாக்டர் கேட்டாரே, என்ன சொல்லட்டும்?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. மிஷின்?"

"வாங்குறேன்."

மறுநாளே கடைக்குப் போனேன். என் பட்டறையில் இருப்பது சட்டத்தை மூலைக்கு மூலை அறுக்கிற பெரிய ரம்பம். அதில் வைத்தால் குழாய் இரண்டு துண்டாகும், பிளவு விழாது. கடைக்காரர் முதலில், பலகையில் வளைவு அறுக்கிற மிஷினைக் காட்டினார். கையோடு கொண்டுபோயிருந்த குழாய்த் துண்டில் வைத்துப் பார்த்தேன். பிளேடு மேலும் கீழும் குதித்து ஓரத்தையெல்லாம் நார் நாராகப் பிய்த்துப் போட்டது. அடுத்தது, பேனா மாதிரி பிடிக்கிற சின்ன மிஷின், நுனியில் சட்டைப் பொத்தான் அளவு வெட்டுத் தட்டு. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

"இதுதான் சார் உங்க வேலைக்கு. எடுத்துக்குங்க."

"இது வேணாம்."

"ஏன் சார், நல்லாத்தானே வெட்டுது?"

"இது ஒருத்தர் வச்சிருக்கார்."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருநூறு பேர் வச்சிருக்காங்க சார். எல்லாம் நான் வித்ததுதான்."

கடைசியில், உள்ளங்கை அகலத்துக்கு ரம்பத் தட்டு சுழல்கிற கை மிஷின் ஒன்றை எடுத்தேன். எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அளவு வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு கட்டையை அணைத்துத் தள்ளினால் கோடு பிசகாது. முக்கியமாக, டாக்டரிடம் அது இல்லை.

சனிக்கிழமை அவள் வேலையிலிருந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. முகமூடி கட்டிக்கொண்டேன். இரண்டு சட்டக் கட்டைகளைச் சேர்த்து ஆணியடித்து, குழாயை அதன் நடுவில் உருளாமல் படுக்க வைத்தேன். குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை. முனையும் முனையும் சேர்கிற இடத்தில் நறுக்கி, பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளி வைத்தேன். ரம்பம் சொன்னபடி கேட்டது. "டாக்டர், வந்து பாருங்க" என்று ஆளில்லாத பட்டறையில் சத்தமாகவே சொன்னேன்.

அவள் வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் குழாயை எடுத்தாள். பிளவுகளில் விரலை ஓட்டினாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"நாலு இருக்கு," என்றாள்.

"நாலும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு பாரு."

"இதுக்கு மூணு இறக்கைங்க. இந்தத் தடவ மூணு, மூணுன்னு படத்த விரிச்சு வச்சுச் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீங்க."

ஆறு வருடமும் நாலு இறக்கைதான், கை பழகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சட்டம் போடுகிறவனுக்கு உலகமே நாலு பக்கம் என்றும் சமாளித்திருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது.

"நீ சொன்னது என் காதுல ஏறல. நான் டாக்டரையே பார்த்துட்டிருந்தேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் நம்மளப் பேச விட மாட்டார். பாதியிலயே ஜோக் அடிச்சிடுவார். நீங்க ஒருத்தர்தான் நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு வெட்டுவீங்க. அதனாலதான் இத்தனை வருஷமா உங்ககிட்ட கொடுத்தேன்."

உள்ளே போய், மிச்சம் வைத்திருந்த இன்னொரு குழாயை எடுத்து வந்தாள். நாடாவால் சுற்றளவு எடுத்து, மூன்றால் வகுத்து, மூன்று கோடு போட்டாள். நான் மிஷினுக்குக் கை நீட்டினேன். அவள் எனக்கு முன்னால் எடுத்துவிட்டாள்.

"உனக்குப் பழக்கமில்லையே."

"நீங்க அந்தப் பக்கம் குழாயப் பிடிங்க."

பிடித்தேன். முதல் பிளவில் கொஞ்சம் தயங்கினாள். இரண்டாவதில் தயங்கவில்லை. மூன்றாவதை முடித்து மிஷினை நிறுத்தியதும் நான் விரலை ஓட்டிப் பார்த்தேன். என்னுடையதைவிட நேராக இருந்தது.

"பரவாயில்லையே, நல்ல மிஷினாத்தான் பார்த்து வாங்கியிருக்கீங்க," என்றாள். "இனிமே நானே வெட்டிக்கிறேன்."

தூசியைத் துடைத்து, அதை அவளுடைய அலமாரியில் பத்திரமாக வைத்தாள். டாக்டரெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டார். அந்த ரம்பத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.