அடுக்களையில் பூதக்கண்ணாடி

சீதாலக்ஷ்மியின் கைக்குப் பூதக்கண்ணாடி வந்தது கொஞ்ச நாளைக்கு முன்னால்தான். ஆனால் கரமனை அக்ரஹாரத்தில் அவளுக்கு அந்தப் பேர் முன்பே உண்டு. எந்த வீட்டுக் கோலத்தில் புள்ளி விலகியது, எந்த வீட்டு மோர்க்குழம்பு திரிந்தது, எல்லாம் அவள் கண்ணில்தான் முதலில் படும். இப்போது அந்தக் கண்ணிலேயே புரை விழுந்துவிட்டது. காலஞ்சென்ற கணவர் சேஷன் பஞ்சாங்கம் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். பார்வைதான் மங்கியது, குணம் மங்கவில்லை.

அன்று சேஷனுடைய ச்ராத்தம். மாமியாரால் அடுப்பருகே நிற்க முடியாததால், மருமகள் ஸ்மிதா முதல் தடவையாகத் தனியே சமைத்தாள். ஆபீசுக்கு லீவு போட்டு, தலைக்குக் குளித்து, ஈர மடிசாரோடு, கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு நின்றாள். மாமனார் அவள் போட்ட காபியைத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பார். அவருக்கான இலையில் தன் கைச் சமையல் விழவேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

"இந்த ஒரு தடவை பார்ப்பேன். ஒரு குறை வந்தாலும் அடுத்த வருஷம் சமையலுக்கு வெளி ஆள்தான்" என்று மாமியார் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

கூடத்தில் வாத்தியார் ஹோமம் நடத்திக்கொண்டிருந்தபோது சீதாலக்ஷ்மி பரிசோதனைக்கு வந்தாள். பாகற்காய்க் கறி, வாழைக்காய், பிரண்டைத் துவையல், பயத்தம் பாயசம். கண்ணாடி வழியாகத் தெரியவேண்டுமானால் கிட்டே போகவேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் தலையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. ஆவி அடிக்கும்."

"எனக்குத் தெரியும்."

ஒன்றும் அகப்படவில்லை. சந்தோஷப்பட வேண்டியவளுக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது. மனசு கேட்காமல் மறுபடி பாயசத்தின்மேல் குனிந்தாள். நடுவில் மெல்லிசாக ஒன்று சுருண்டு மிதந்தது.

"மஹேஷ்! கேட்டியா உன் ஆம்படையாள் லட்சணத்தை! அப்பாவுக்கு வச்ச பாயசத்துல கேசம்!"

கூடத்தில் மந்திரம் நின்றது. பவித்திரத்தோடு மணையில் உட்கார்ந்திருந்த மகனால் எழுந்து வரமுடியாது. ஸ்மிதாவின் முகம் வெளிறிவிட்டது.

சீதாலக்ஷ்மி விடவில்லை. கரண்டியால் அதை எடுத்து ஒரு இலைக்கீற்றில் போட்டு, கொல்லை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஆவி படிந்த கண்ணாடியைப் புடவையில் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

நல்ல வெள்ளை முடி.

அந்த வீட்டில் நரைத்த தலை ஒன்றுதான் இருந்தது. முன்நெற்றியில் அவிழ்ந்து தொங்கிய பிரிகளை அவள் கை தானாகத் தடவியது. தோளுக்குப் பின்னாலிருந்து ஸ்மிதாவும் பார்த்துவிட்டாள் என்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது சீதாலக்ஷ்மிக்கு.

"யாரோடதானாலும் அதைக் கொட்டிட்டு வேற வைக்கணும்" என்று கூடத்திலிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார். "அரை மணிக்கூருக்குள்ள ஆகுமோ?"

"என்னோடதுதான் மாமா, கவனிக்கல்லை. இப்போ வச்சுடறேன்" என்றாள் ஸ்மிதா. பிறகு மாமியாரிடம் தணிந்த குரலில், "சாரமில்லை அம்மா, போனாப் போறது, நீங்க போய் உட்காருங்கோ" என்றாள். பாயசத்தையும் இலைக்கீற்றையும் சேர்த்துத் தென்னை மரத்தடி மூட்டில் கொட்டினாள்.

சீதாலக்ஷ்மி போய் உட்கார்ந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கூடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நாக்கு எழவில்லை. இரண்டாம் பாயசம் இலைக்கு வந்து, எல்லாம் முடிந்து, வாத்தியார் கிளம்புகிறவரை நாக்கு எழவில்லை.

"சமையல் நன்னா இருந்தது மாமி. ஆனா கேசம் விழப்படாது பாருங்கோ. அடுத்த வருஷத்துக்கு ஒரு ஆளை ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று கேட்டார் வாத்தியார்.

ஸ்மிதா வாசற்படியருகே தலை குனிந்து நின்றாள்.

"வேண்டாம்" என்றாள் சீதாலக்ஷ்மி. "அடுத்த வருஷமும் இவதான். அது என்னோட முடி. குனிஞ்சு பார்த்தேனே, அப்போ விழுந்தது."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "அவளே தன்னோடதுன்னு ஒத்துண்டாச்சு. மருமகளை விட்டுக்கொடுக்காம எப்படிப் பேசறேள்!" பிறகு ஸ்மிதாவின் பக்கம் திரும்பினார். "இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், கேட்டியா?"

"ஆமாம் மாமா" என்றாள் ஸ்மிதா.

கேலியா, கருணையா என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். சீதாலக்ஷ்மியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.