செத்தவர்கள் பேசக்கூடாது

அந்த ராணுவக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு பெருமை உண்டு. மற்ற இடங்களில் பழைய போர்களைப் பாடமாக நடத்துவார்கள். இங்கே மாணவர்களை அந்தப் போருக்குள் இறக்கிவிட்டுச் சாகடிப்பார்கள். பெரிய அறையின் நடுவே மணல் மேசை. மேடு, பள்ளம், ஆறு, பாலம் எல்லாம் அதில் இருக்கும். ஆளுக்கு ஒரு வேடம்: ஒருவன் தளபதி, ஒருவன் பீரங்கிக்காரன், ஒருவன் செய்தி சுமந்து ஓடும் சிப்பாய். துறைத்தலைவரான கர்னல் கையில் பிரம்போடு சுற்றி வருவார். யார் தோளை அது தொடுகிறதோ அவன் செத்தான். செத்தவன் தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். சண்டை முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது. நிஜப் போரில் பிழைத்தவனைக்கூடக் கர்னல் தயங்காமல் போட்டுத்தள்ளுவார். "அவன் இல்லேன்னா மத்தவன் என்ன பண்றான்னு பாக்கணும்ல?" என்பார்.

பிறகு தொற்றுநோய் வந்தது. மணல் மேசைக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். கர்னல் தன் வீட்டில், வரலாற்று ஆசிரியை தன் வீட்டில், மாணவர்கள் விடுதியில் ஆளுக்கொரு அறையில். காய்ச்சல் கண்டவர்களை மைதானத்துக்கு அப்பாலிருந்த பழைய கட்டடத்தில் தனித்தனியாக அடைத்தார்கள். சாப்பாடு கதவருகே வைக்கப்படும். மருத்துவ உதவியாளர் காலையிலும் மாலையிலும் எட்டிப்பார்ப்பார். அதற்காக வகுப்பை விட்டுவிடுவார்களா? ராணுவம் ஆயிற்றே. கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, படுக்கையிலிருந்தே போரிடச் சொல்லிவிட்டார்கள்.

திரையில் பிரம்பு எட்டாது. அதனால் கர்னல் புது வழி கண்டுபிடித்தார். சாகவேண்டியவனின் கேமராவைத் தன் வீட்டிலிருந்தே அணைத்துவிடுவார். திரையில் அவன் முகம் தெரியும் பெட்டி கறுத்தால் ஆள் காலி. வாயை மட்டும் அவனவனே மூடிக்கொள்ள வேண்டும்.

அங்கேதான் ரேடியோவோடு வம்பு. ரேடியோ என்பது அவன் சகாக்கள் வைத்த பெயர். திறந்த வாயை மூடாத பையன். போன பயிற்சியில் முதல் ஆளாகச் செத்துவிட்டு, கறுத்த பெட்டிக்குள்ளிருந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தான். தளபதியாக இருந்தவன் தலைகால் புரியாமல் தவித்தான். ஆசிரியைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய், செத்தவன் பேசக்கூடாது! அடுத்த தடவையாவது ஒழுங்கா சாவு!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான்.

அடுத்த பயிற்சி ஆற்றுப்பாலச் சண்டை. ஆசிரியை படுக்கையறையில் இஸ்திரி மேசையை உயர்த்தி, அதன்மேல் கணினியை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவர் பல் டாக்டர். கிளினிக்கைப் பூட்டிவிட்டு, "ஊரே வாயை மூடிக்கிட்டு இருக்கு, எனக்கென்ன வேலை?" என்று சமையலறையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

ரேடியோ இப்போது பழைய கட்டடத்தில் இருந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் பேச்சு குறையவில்லை.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"லேசான காய்ச்சல்தான் மேடம். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாததுதான் பெரிய வியாதி."

அவனுக்கு அன்று செய்தி சுமக்கும் சிப்பாய் வேடம். எதிரி அக்கரையிலிருந்து பின்வாங்கிவிட்டான் என்ற செய்தியைக் கடைசியில் அவன்தான் கொண்டுவர வேண்டும். அது வராவிட்டால் தளபதி தன் பாலத்தைத் தானே தகர்த்துவிடுவான்.

சண்டை சூடுபிடித்தது. பீரங்கிக்காரனின் பெட்டி கறுத்தது. காவற்படையில் சிலர் போனார்கள். சற்று நேரத்தில் ரேடியோவின் பெட்டியும் கறுத்தது.

ஆசிரியைக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கர்னல் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார். செய்தியே வராமல் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

"ரேடியோ அவுட்," என்று அறிவித்தாள்.

"அப்பாடா, நிம்மதி!" என்றான் தளபதி. சிரிப்பு எழுந்து அடங்கியது.

சண்டை தொடர்ந்தது. ஆனால் எங்கிருந்தோ ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. மரத்தை மெதுவாக அறுப்பது போல, விட்டுவிட்டு வந்தது. யார் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை.

"யாரோட மைக்குப்பா அது? செத்தவங்க சத்தம் போடாதீங்க!" என்றாள் ஆசிரியை.

இரைச்சல் நின்றது.

தளபதி செய்திக்காகக் காத்திருந்தான், குழம்பினான், கடைசியில் பாலத்தைத் தகர்த்தான். அக்கரையில் எதிரியே இல்லை. தோல்வி என்றால் அப்படி ஒரு தோல்வி. ஆசிரியைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

"செய்திக்காரனை எடுத்தது பிரமாதமான யோசனை சார்," என்றாள்.

கர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நானா? நான் அவன் பக்கமே போகலையே. நீங்கதானே மேடம் அவுட்னு சொன்னீங்க? நீங்க ஏதோ திட்டம் வச்சிருக்கீங்கன்னு நான் விட்டுட்டேன்."

அவள் கணினியை நெருங்கிக் குனிந்தாள்.

"ரேடியோ," என்று கூப்பிட்டாள். "ரேடியோ, சண்டை முடிஞ்சு போச்சு. பேசலாம்ப்பா."

கறுத்த பெட்டி கறுத்தபடியே இருந்தது. அவள் கைபேசியை எடுத்து அவன் எண்ணை அழைத்தாள். அங்கே மணி அடிப்பது கணினி வழியாக அவளுக்கே கேட்டது. கர்னலுக்கும் கேட்டது. எல்லா மாணவர்களுக்கும் கேட்டது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

கர்னல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கல்லூரியின் காவலறைக்குப் போன் போட்டுக் கத்தினார். அவள் முகத்தைப் பார்த்த கணவர், ஈரக்கையைத் துடைக்காமலே ஓடிவந்து பக்கத்தில் நின்றார். திரையில் மாணவர்கள் அத்தனை பேரும் அந்தக் கறுத்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன பீரங்கிக்காரன்கூடத் தன் கேமராவைத் திறந்துகொண்டு வந்துவிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து பூட்ஸ் காலடிகள் கேட்டன. கதவு தட்டும் சத்தம். பிறகு கதவு உடையும் சத்தம். யாரோ, "ஐயோ, நீலமா இருக்கான்! ஆக்சிஜன் கொண்டா!" என்று அலறினார்கள். குப்புறக் கிடந்த டேப்லெட் யார் காலிலோ இடறிப் புரண்டது. கறுப்பு போய் மேற்கூரை தெரிந்தது. முகக்கவசம் போட்ட மருத்துவ உதவியாளர் குனிந்து பார்த்தார்.

"உயிர் இருக்கு மேடம்," என்றார்.

அவள் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ரேடியோ பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். செயற்கை மூச்சு, குழாய், எல்லாம் பார்த்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அந்த வார்த்தை அவளைத் தின்றது. கல்லூரி விசாரித்து, யார்மீதும் தவறில்லை, டேப்லெட் கைதவறி விழுந்திருக்கிறது என்று முடித்துவிட்டது. அவ்வளவுதான் காரணம் என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். மயங்கி விழுந்தவன் எப்படிக் கூப்பிடுவான்?

ஒரு மாலை அவனே போன் செய்தான். குரல் கம்மியிருந்தது.

"மேடம், ரேடியோ பேசறேன். திரும்பவும் ஒலிபரப்பு ஆரம்பம்."

"நல்லா இருக்கியாப்பா? என்னதான்டா ஆச்சு அன்னிக்கு? உடனே மயங்கிட்டியா?"

"உடனே இல்ல மேடம். தலை சுத்துச்சு, கட்டில்லேர்ந்து சரிஞ்சேன். டேப்லெட் கவுந்துடுச்சு. அதை எடுக்கக்கூட முடியல. ஆனா காது நல்லா கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டா கூப்பிடல? மைக் திறந்துதானே இருந்துச்சு!"

"கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க அவுட்னு சொல்லிட்டீங்க. கர்னல் சார்தான் அணைச்சிட்டாருன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்ச நேரம்தானே, சண்டை முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு கிடந்தேன்."

"அந்த இரைச்சல்..."

"என் மூச்சுதான் மேடம். நீங்க சத்தம் போடாதேன்னீங்க. அதான் கூடவே விழுந்த தலகாணிய இழுத்து வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் ஒண்ணும் ஞாபகமில்ல." அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் முடிந்தது. "போன தடவை திட்டினீங்கல்ல மேடம். இந்தத் தடவை ஒழுங்கா செஞ்சேனா?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

"மேடம்?" என்றான் ரேடியோ. "மேடம், இருக்கீங்களா? ஏதாவது பேசுங்க மேடம்."