கேமராவில் விழாத மாறன்

கீழ்பென்னாத்தூர் மாறன் வேலைக்குப் போன மூன்றாம் வருடம் கேமராவில் விழாமல் போனான். அந்த வாரம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விலை சரிந்திருந்ததால் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வடக்கே ஒரு ராணுவ முகாமில் அவன் ஒப்பந்தச் சமையல்காரன். சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது, சாம்பார் மட்டும் உண்டு. முகாமின் மதிலெங்கும் புகைப்படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். தினமும் அதைத் தாண்டி உள்ளே போனவன் உடம்பில் அந்தக் கட்டளை மெல்ல ஏறிவிட்டது, மாங்காயில் உப்பு ஏறுவதுபோல. லீவில் வந்தபோது, பௌர்ணமி கிரிவலத்தில், கட்டிக்கொள்ள நினைத்திருந்த வேதாவோடு எடுத்த செல்ஃபியில் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்ற இடத்தில் மலை முழுதாகத் தெரிந்தது.

"நேர்ல தெரியறீங்க இல்ல, அது போதும்" என்றாள் வேதா.

அவளுக்குப் போதும். அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா ராமதாஸுக்குப் போதாது. வேலை பர்மனென்ட் ஆனால் பெண், இல்லையென்றால் ஆடி கழிந்ததும் வேறு இடம் என்று சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பர்மனென்ட் ஆர்டர் தயார், ஒரு ஃபோட்டோ மட்டும் அனுப்பு என்றது முகாம். மாறன் படம் எடுக்கக் கிளம்பினான். திருவண்ணாமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மணிவேல் அவனுக்குப் பவுடர் பூசி, தலை வாரி, விளக்கை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பின்னால் கட்டிய நீலத் துணி மட்டும் பளிச்சென்று வந்தது.

"காது ரெண்டும் தெரியணும்னு ரூல் தம்பி. இதுல ஆளே இல்லையே" என்றார். ஆனாலும் எட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் மாறன் அதையே கொண்டுபோய்க் கொடுத்தான். பெரிய அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மூன்று வருடமாக அவன் கையால் சாப்பிட்டவர். படத்தைப் பார்த்தார், நிமிர்ந்து எதிரே நின்றவனைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவன் முகத்தை அதற்குமுன் ஒருநாளும் பார்த்திராததால் அவருக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆள் இவன்தான் என்று கையெழுத்துப் போட்டார். மாறனுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்திலா, வேறு எதனாலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை, மத்தியானச் சமையல் அப்படியே கிடந்தது.

ஆவணியில் கல்யாணம். ஆல்பம் முழுக்க வேதா, பக்கத்தில் அந்தரத்தில் ஒரு ரோஜா மாலை. அவன் கட்டிய பட்டு வேட்டிகூட விழவில்லை. மாலை பெண்வீட்டார் வாங்கியது, அதனால் விழுந்தது என்றார்கள். ராமதாஸ் பெரிய படமாகப் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் மாலைக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார்.

"நம்ம மாப்ள. சென்ட்ரல் கவர்மென்ட்டு."

பார்த்தவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே, நல்ல களையான முகம் என்றார்கள்.