பிறந்தார் என்று இருக்க வேண்டும்

அக்கா, போன் வெளிச்சம் ஜன்னலில் தெரியக்கூடாதென்று போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். விளக்கையெல்லாம் அப்பா அணைத்துவிட்டார்.

சாப்பிட்டதும், நாளைக்குப் பள்ளி உண்டா என்று பார்க்கக் காலண்டரில் இன்றைய தாளைத் தூக்கினேன். அச்சகத்தில் அப்பா டைப் செய்தாரே, அதே காலண்டர். ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இதே நாளில்’ என்று வருமே: ஏதோ பாலம் திறந்தது, யாரோ விஞ்ஞானி பிறந்தது. மூன்றாவது வரியில் நம் ஊர்த் தலைவர். பிறந்தார் என்று இருக்க வேண்டும். இறந்தார் என்று இருந்தது.

“அப்பா, தலைவர் எப்போ செத்தாரு?”

அப்பா ஓடி வந்து அந்த வரியைப் படித்தார்.

நாளைக்கு அவருக்குப் பிறந்தநாள். தெருமுனையில் மேடை போடுகிறார்கள். போன வருடம் பேனர் கிழிந்ததற்கு, முடிவெட்டுகிறவரை அவருடைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று உனக்கே தெரியும். இன்னமும் அவரால் கத்தரி பிடிக்க முடியவில்லை.

“ஒரு எழுத்துதானேங்க. மன்னிப்புக் கேட்டா விட்டுற மாட்டாங்களா?” என்றாள் அம்மா.

“அந்த ஒரு எழுத்துலதான்டி அவரு உசுரே இருக்கு. இப்போ நம்ம உசுரும்.”

நாளைய தாளை யாரும் இன்றே பார்ப்பதில்லை. அது ஒன்றுதான் நம்பிக்கை. கடைத்தெருவில் எல்லாக் கடையிலும் அதே காலண்டர்தான். நானும் அப்பாவும் ஆளுக்கொரு கறுப்புப் பேனாவோடு கிளம்பினோம். மருந்துக்கடைக்காரர் மாத்திரை எடுக்கத் திரும்பியபோது நான் ‘இ’யை அடித்து ‘பி’ போட்டேன். பேக்கரியில் அப்பா அவசரத்தில் கிறுக்கியதில், தலைவர் ‘மிறந்தார்’ ஆகிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது அக்கா. உடனே அழுகையும்.

டீக்கடையில் ஆணி மட்டும் இருந்தது.

“காலண்டர் எங்கண்ணே?” என்றார் அப்பா.

“மேடை போடுற பசங்க பிடுங்கிட்டுப் போயிட்டானுங்க. தலைவரைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாத்தானுங்களாம். எந்த அச்சகம்னு ஒரே கத்தல்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? அட்டையிலேயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே!”

வீடு திரும்பும்போது அச்சக முதலாளி அப்பாவுக்குப் போன் செய்தார். “கேட்டாங்கய்யா, உன் பேரைச் சொல்லிட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு” என்றார். வைத்துவிட்டார்.

கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அம்மா கதவுக்குப் பின்னால் கட்டிலை நகர்த்தி வைத்திருக்கிறாள். அப்பா இருட்டில் சுவரோரம் நின்று நம் காலண்டரைத் திருத்துகிறார்.

“அதை விடுங்க, யாரு பாக்கப் போறா?”

“வர்றவன் பாப்பான். நம்ம வீட்டுலயாவது சரியா இருக்கட்டும்.”

பைக் சத்தம் கேட்கிறது அக்கா. ஒன்றல்ல. நம் வாசலில்தான் நிற்கிறது. அப்பா அந்த எழுத்தின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்.