கிடங்குச் சாலைக் குழிகள்

சாலையில் குழி விழுந்தால் ஊரே சாலைத் துறையைத் திட்டும். குழி விழ விழ மனம் குளிர்ந்த ஒரே ஆள் அக்காதான்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து, எண் போட்டு, மறுபடி கட்டுகிற வேலை. தங்கைக்கு முப்பத்தாறு. அதே வளாகத்துத் தாவரவியல் ஆய்வகத்தில் விதைகளைக் காயவைத்து, கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, குளிர் அறையில் அடுக்குகிறாள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு புல்தரையும் சைக்கிள் கொட்டகையும்தான். ஆனாலும் மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

தப்பு அக்கா மேல். அதை அவளே மறுக்கமாட்டாள். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், தங்கைக்கு வெளிநாட்டில் ஒரு விதை வங்கியில் இரண்டு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. வருகிறாளா என்று கேட்டு வீட்டுக்குப் போன் வந்தபோது தங்கை பின்கட்டில் அம்மாவின் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எடுத்தாள். "அவளுக்கு இஷ்டமில்லைங்க, வேற யாரையாவது பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மாவோடு தனியாக மாட்டிக்கொள்ள அவளுக்குப் பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. நாலு மாதத்தில் அம்மா போனாள். அதற்கப்புறம் தங்கை அந்த இடத்துக்கு எழுதிக் கேட்க, உண்மை வெளியே வந்தது. ஒரு பெட்டியோடு அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அக்கா மூன்று மன்னிப்புக் கடிதம் எழுதினாள். மூன்றும் ஒட்டிய உறை ஒட்டியபடியே திரும்பி வந்தன.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் வரிசை ஆரம்பித்தது. வளாகத்துக்குப் போகிற கிடங்குச் சாலையில் லாரிகளின் ராஜ்யம். தனியாக சைக்கிளில் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். சேர்ந்து போனால் லாரிக்காரனும் கொஞ்சம் மதிப்பான் என்று நூலகக் காவலாளி ஒரு யோசனை சொன்னார். காலை ஆறு ஐம்பதுக்கு ஒரு முனையிலிருந்து புறப்படுவது, வழியில் நாலு இடத்தில் ஆட்களைச் சேர்த்துக்கொள்வது, ஒருவர் பின் ஒருவராக வளாகத்துக்குப் போவது. அவரே விசிலோடு முன்னால் போனார். எல்லாருக்கும் அவர் விசில்காரர் ஆனார்.

வரிசைக்கு இரண்டே சட்டம். புதிதாகச் சேருகிறவர் கடைசியில்தான் சேரவேண்டும், நடுவில் நுழையக் கூடாது. முன்னால் போகிறவர் எதைப் பார்த்தாலும் பின்னால் வருகிறவருக்குச் சொல்லவேண்டும். அவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்கு. "குழி", "கண்ணாடி", "லாரி", "நிக்கிறோம்". அதே மாதிரி சிக்னலைத் தாண்டியதும் கடைசி ஆள் "வந்தாச்சு" என்று சொல்ல, அது வாய்வழியாக விசில்காரர் வரைக்கும் போகும். யாராவது ஒருத்தர் வாயை மூடிக்கொண்டால் இன்னொருத்தர் விழுவார். பகையாளியாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தங்கை வரிசையில் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே அக்கா ஒரு பழைய சைக்கிளை வாங்கினாள். ஆனால் அவள் வீடு முதல் நிறுத்தத்துக்குப் பக்கம். தங்கை ஏறுவது மூன்றாவது நிறுத்தமான தண்ணீர்த் தொட்டியடியில். அக்கா முன்னால், தங்கை நாலு ஆள் தள்ளிப் பின்னால். ஒரு வாரம் முதுகில் கண் இல்லையே என்று தவித்தாள். அப்புறம் மூளை வேலை செய்தது. அரை மணி முன்னதாகவே கிளம்பி, சந்து பொந்தெல்லாம் சுற்றி, கடைசி நிறுத்தமான மருந்துக் கடை வாசலுக்குப் போய் நின்றாள். அங்கே வேறு யாரும் ஏறுவதில்லை. வரிசை வந்ததும் கடைசியில், அதாவது தங்கைக்கு நேர் பின்னால், சேர்ந்துகொண்டாள்.

"உங்க வீடு மொதல் நிறுத்தத்துக்குப் பக்கத்துலதானேம்மா?" என்று விசில்காரர் கேட்டார்.

"மருந்து வாங்க வேண்டியிருக்கு."

"கடை ஒன்பது மணிக்குத்தானே தொறப்பாங்க?"

"அதான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. அவர் மேலே கேட்கவில்லை.

தங்கை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். முகம் கல்லாகிவிட்டது. கிடங்குச் சாலையில் முதல் குழி வந்தது. அவளுக்கு முன்னால் போன கணக்கு வாத்தியார் "குழி" என்றார். தங்கை இழுத்து மூச்சு விட்டாள். கடைசி நொடியில், துப்புவது போல, "குழி" என்றாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை! அக்கா பூரித்துப்போய், நேராக அந்தக் குழிக்குள்ளேயே வண்டியை விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் காலை நேரம்தான் நாள். கிடங்குச் சாலையில் பதினேழு குழி. மழை பெய்தால் இன்னும் இரண்டு கூடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே அக்கா தங்கையின் உடம்பையும் மனசையும் படித்தாள். குரல் கட்டியிருந்தால் சளி. இழுத்துச் சொன்னால் ராத்திரி தூங்கவில்லை. ஒரு நாள் "குழி" என்பதில் லேசாகச் சிரிப்பு ஒட்டியிருந்தது. என்ன நடந்தது, யார் சிரிக்கவைத்தார்கள் என்று தெரியாமல் அக்கா அன்றைக்கு இரண்டு கட்டுக்கு எண் மாற்றிப் போட்டு வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

அதோடு இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது, "அம்மா வீட்டுச் சாவி உன்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்டி" என்று மெதுவாகச் சொன்னாள். தங்கை காது கேட்காதவள் போல நின்றாள். மறுநாளிலிருந்து நாலு நாள் வரிசைக்கே வரவில்லை. அந்த நாலு நாளும் கணக்கு வாத்தியாரின் கரகரத்த "குழி"யைக் கேட்டுக்கொண்டு போன அக்கா, இனி சாலையைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை என்று வாயைத் தைத்துக்கொண்டாள். தங்கை திரும்பி வந்தாள். அந்த நூலும் அறுந்தால் அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அப்போதுதான் கணக்கு வாத்தியாருக்குப் பொதுநலம் பொங்கியது. சாலைத் துறைக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். குழிகளின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் பட்டியல். வரிசையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், தங்கையும் போட்டாள். தாள் அக்காவிடம் வந்தது.

"பேனா எழுதலையே சார்."

"இந்தாங்க, வேற பேனா."

"இதெல்லாம் எங்க சார் செய்யப்போறாங்க? நாம பாட்டுக்குப் பாத்துப் போயிக்கலாமே."

"என்னம்மா நீங்க, விழுந்து கையக் கால ஒடச்சுக்கணுமா?" என்றார் வாத்தியார். பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது தெரிந்தேதான் போட்டாள்.

எந்த மனுவுக்கும் அசையாத சாலைத் துறை இந்த மனுவுக்கு மட்டும் அசைந்தது. விடுமுறையில் மூன்று வாரம் சாலையை மூடினார்கள். திறந்தபோது அது கன்னங்கரேலென்று, வழித்துவிட்ட மாதிரி கிடந்தது. முதல் நாள் விசில்காரர் சந்தோஷத்தில் விசிலை ஊதித் தள்ளினார். கணக்கு வாத்தியார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருபக்கமும் பார்த்துக்கொண்டே போனார். பதினேழு குழி இருந்த இடமும் அக்காவுக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு இடத்திலும் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை.

லாரிகளுக்கும் தனித் தடம் போட்டுவிட்டார்கள். ஆக, மிஞ்சியது சிக்னலில் ஒரு "நிக்கிறோம்". அதுவும் பச்சை விழுந்திருந்தால் கிடையாது. தங்கையின் முதுகு, பை, காற்றில் ஆடுகிற துப்பட்டா, அவ்வளவுதான். கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தாள். அந்தத் தூரம் அக்காவை வாட்டியது. வீட்டில் தனியாக இருந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். சனிக்கிழமையோடு போதும், திங்களிலிருந்து பஸ்ஸில் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை சிக்னலிலும் பச்சை. அக்கா "வந்தாச்சு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. புதுச் சாலையில் பதினோரு சைக்கிளும் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. பழைய சாலையில் மட்கார்டு, மணி, கேரியர் எல்லாம் தடதடவென்று அடித்துக்கொள்ளும். யார் வண்டியில் என்ன சத்தம் என்று யாருக்குத் தெரியும்? இப்போது ஒரே ஒரு சத்தம்தான். கிரீச், கிரீச் என்று.

"செயின் கத்துது" என்றாள் தங்கை.

அக்கா பழக்கதோஷத்தில் சாலையைப் பார்த்தாள். அப்படி ஒரு ஆபத்து இதுவரை வந்ததில்லை.

"உன் செயின்தான். பத்து நாளா காது கொடையுது. எண்ணெய் போட்டு எத்தன நாளாச்சு?"

அக்கா குனிந்து செயினைப் பார்த்தாள். "தெரியலடி" என்றாள்.

தங்கை திரும்பவில்லை. ஆனால் மிதிப்பதை நிறுத்திவிட்டாள்; வண்டி தானாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவள் குரல் உயர்ந்தது. "என்னக் கேட்டு வந்த போனுக்கு மட்டும் உனக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சுதுல்ல? இஷ்டமில்லன்னு, எவ்வளவு சுளுவா சொன்ன! உன்னக் கேட்டா மட்டும் தெரியலையா?"

மூன்று வருடமாக உறைக்குள்ளேயே கிடந்த சண்டை அது. அக்கா அதைக் கேட்கத்தான் இத்தனை சந்து சுற்றி வந்தாளோ என்னவோ, ஹாண்டில் பாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கினதுலேர்ந்து போடல" என்றாள். "எனக்குப் பயமா இருந்துதுடி. அன்னைக்கு. அதான் அப்படிச் சொல்லிட்டேன். தப்புதான்."

தங்கையின் தோள்கள் ஏறி இறங்கின. அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். வேகமாகப் போய்விடுவாள் என்று அக்கா நினைத்தாள். போகவில்லை.

முன்னாலிருந்து கணக்கு வாத்தியார் கத்தினார். பின்னாலிருந்து வருவதை முன்னால் கடத்தவேண்டும் என்பது சட்டமாயிற்றே. "என்னம்மா? பின்னாடி என்ன சொல்றாங்க? விசில்காரர்கிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம் சார்" என்று தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டு விஷயம்."

அக்காவுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. அழுவதற்கு அது வசதியாக இருந்தது.