நாச்சம்மாள் வயலுக்குப் போன காலை

நாச்சம்மாள் வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியதிலிருந்து மகன் அர்த்தநாரி அவளை வயலுக்கு விடவில்லை. வயதான பெண்கள் சின்ன அடியாக வைத்துத் தடுமாறுவார்கள், ஆண்களைவிட அதிகம் விழுவார்கள் என்று சித்தூர் டாக்டரும் சொல்லியிருந்தார்.

கட்டுப் பிரித்த மறுநாள் கணவர் குப்பண்ணனோடு அவளும் கிளம்பினாள்.

"நீங்க இருங்கம்மா. அப்பா பாத்துக்குவாரு," என்றான் மகன்.

"உங்கப்பா போன வாரம் வாய்க்கால்ல உளுந்தாரு. அதுக்கு வரப்பு வழுக்குதுன்னு நீ சொன்னே. நான் உளுந்தா மட்டும் வயசாயிப்போச்சா?"

குப்பண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மழையில் ஊறிய வரப்பில் அவர் எட்டி எட்டி வைத்து முன்னே போனார். அவள் கால்விரல்களைச் சேற்றில் ஊன்றி, தன் சின்ன அடியிலேயே பின்னால் நடந்தாள். பாதி வழியில் கால் சறுக்கி நாற்றுக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பி வந்து கையை நீட்டினார்.

"வேண்டாமுங்க. எந்திரிக்கத் தெரியும்."

நல்ல கையை ஊன்றி எழுந்தாள். சேற்றுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழிவிடச் சொல்லி நின்றாள். குப்பண்ணன் வயலுக்குள் இறங்கி ஒதுங்கினார். போய் மடையைத் திறக்கும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.